சத்தம் வேறு, தெளிவு வேறு: ட்ரக்குக்குள் ஒலி வந்த கதை



சில வாரங்களுக்கு முன்னர் விட்பியில் ஒரு கோப்பிக்கடை வாசலில் தம்பி ஒருவர் என்னை மறித்தார். புதிதாக ட்ரக் ஓட்டத் தொடங்கியிருக்கிறார். "அண்ணை, நீங்கள் கனகாலம் ட்ரக் ஓடின ஆள். என்ரை வண்டிக்கு எத்தினை வாற்ஸிலை செற் போடலாம்?" என்று கேட்டார்.

"வாற்ஸ் கிடக்கட்டும். நீர் அதிலை என்ன கேக்கப் போறீர்?" என்றேன்.

"பாட்டு, நியூஸ், வீட்டிலை இருந்து வாற கோல், எல்லாந்தான்" என்று சிரித்தார்.

வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அந்தப் பதில்தான் இந்த மாத உரை. இதில் கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது, என்னுடைய ஒரு பிழையும் இருக்கிறது. பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1995ஆம் ஆண்டு நான் ஒரு பழைய ட்ரக்கைச் சொந்தமாக வாங்கி, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் சாமான் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தேன். கடையொன்றில் ஏறத்தாழ 700 டொலர் கொடுத்து ஒரு செற் பூட்டினேன். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் வாற்ஸ் கணக்குப் போட்டிருந்தார்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய பேஸ் பெட்டி. ஓட்டும்போது முதுகு அதிரும். நண்பர்களை ஏற்றிக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இருந்து சனம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது உங்களில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்னுடைய ஐயாவும் அம்மாவும் அக்காவும் தென்மராட்சிக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் அறிந்தோம். தொலைபேசி இல்லை. கடிதம் எப்போது வரும் என்று தெரியாது. 1996 மாசி மாதம், கொழும்பில் இருந்து வந்த ஒருவரின் கையில் அம்மா ஒரு கசற் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த நாட்களில் குரலைக் கசற்றில் பதிந்து அனுப்புவது வழக்கம். கசற்றை வாங்கிய கையோடு வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் போட்டேன். அம்மாவின் குரல் வந்தது. "ஐயாவுக்குச் சுகம்" என்று கேட்டது. மனம் ஆறியது.

பத்து நாட்களுக்குப் பிறகு, வீட்டுக் குசினியில் இருந்த சின்ன ரேடியோக் கசற்றில் அதே கசற்றைப் போட்டபோதுதான் முழு வசனமும் கேட்டது. "ஐயாவுக்குச் சுகமில்லை." அம்மா வசனத்தின் முடிவில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர். அந்த "இல்லை"யை என்னுடைய 700 டொலர் செற் விழுங்கிவிட்டது. பத்து நாட்களை நான் நிம்மதியாக இருந்தே கழித்திருக்கிறேன். காசு அனுப்பவில்லை, ஆள் பிடிக்கவில்லை. ஐயா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். "அந்தப் பத்து நாளாலை ஒண்டும் மாறியிராதடா" என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவா. இருக்கலாம். ஆனாலும் 700 டொலர் செற் சொல்லாததை ஒரு சின்னப் பெட்டி எப்படிச் சொன்னது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் வண்டிக்குள் ஒலி வந்த சரித்திரம் எனக்குத் தெரியவந்தது.

நேயர்களே, ஆரம்பகால வானொலிப் பெட்டிகள் பற்றறியில்தான் ஓடின. வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒரு பற்றறி, உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க இன்னொரு பற்றறி என்று வீட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். 1925இல் எங்கள் ரொறன்ரோவில் எட்வேர்ட் றொஜர்ஸ் என்ற இளைஞர் வீட்டு மின்சாரத்திலேயே நேரடியாக ஓடும் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927இல் அவர் தொடங்கிய சி.எஃப்.ஆர்.பி. நிலையத்தின் பெயரில் வரும் கடைசி இரண்டு எழுத்துகளும் றொஜர்ஸையும் பற்றறி இல்லாத வானொலியையும் குறிப்பவை. வீட்டில் பற்றறியை ஒழித்த அதே காலத்தில், வேறு சிலர் வானொலியை மறுபடியும் பற்றறி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகப் பார்த்தார்கள். அந்த இடம் மோட்டார் வண்டி.

சிக்காகோவில் போல் கல்வின் என்பவரும் அவருடைய சகோதரரும் 1928இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். 1930இல் அத்திலாந்திக் சிற்றியில் வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்தபோது, கல்வின் தன் ஸ்ரூடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பூட்டிக்கொண்டு போய், வெளியே நிறுத்தி, போவோர் வருவோருக்குக் கேட்கவைத்தார். அந்தச் செற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் மோட்டரோலா. பிறகு அதுவே நிறுவனத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. பூட்டுகிற கூலியோடு நூறு டொலருக்கு மேல் ஆகும். 600 டொலருக்குள் புதுக் கார் வாங்கக்கூடிய காலம் அது. அதாவது காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வானொலிக்கே போய்விடும்.

அந்த முன்னோடிகளை வாட்டியது சத்தம் போதாத பிரச்சினை அல்ல. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் பொறி தட்டுகிற ஒவ்வொரு முறையும் வானொலியில் 'டிக் டிக்' என்று அடிக்கும். வண்டியின் பற்றறி 6 வோல்ற், வால்வுகளுக்கு வேண்டியதோ நூறுக்கும் மேற்பட்ட வோல்ற். அதை மாற்றிக் கொடுக்கும் கருவியும் தன் பங்குக்கு இரையும். பிளக் வயர்களில் தடைகளைப் பூட்டி, பெட்டியை உலோகத்தால் மூடி, வயர்களை ஒதுக்கி, இரைச்சலை ஒவ்வொன்றாக வெட்டிய பிறகுதான் கார் வானொலி விலைபோனது. வண்டி ஒலியின் முதல் பாடம் அது: முதலில் இரைச்சலைக் குறை, பிறகு சத்தத்தைக் கூட்டு.

1955இல் கிறைஸ்லர் நிறுவனமும் பில்கோ நிறுவனமும் சேர்ந்து, வால்வே இல்லாமல் முழுதும் ட்ரான்சிஸ்டரில் இயங்கும் கார் வானொலியை அறிவித்தன. அதன் விலை 150 டொலர். மின்னழுத்தப் பிரச்சினை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை வெளியிட்டது. 1968இல் வண்டிக்குள் பூட்டும் கசற் செற்றும் வந்தது. 1984இல் காருக்கான சீ.டி. செற் விற்பனைக்கு வந்தது. இப்படிச் செற் நன்றாகிக்கொண்டே போக, போட்டி வாற்ஸில் தொடங்கியது. 100 வாற்ஸ், 200 வாற்ஸ் என்று பெட்டியில் எழுதுவார்கள். எப்படி அளந்தார்கள் என்று எழுதமாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14.4 வோல்ற் அளவில் இருக்கும். டாஷ்போட்டில் பூட்டும் சாதாரணச் செற், அந்த மின்னழுத்தத்தை வைத்து 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடியது சுமார் 20 வாற்ஸ்தான். பெட்டியில் "50 வாற்ஸ், நான்கு ஸ்பீக்கர்" என்று இருந்தால், அது ஒரு கணத்து உச்சத்தைச் சொல்லும் எண். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட, 2003இல் அமெரிக்க மின்னணுப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் சி.இ.ஏ. 2006 என்ற அளவு முறையைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ற், 4 ஓம், திரிபு ஒரு வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அதன்படி அளந்ததாகச் சொல்லும் அம்ப்ளிஃபயரின் எண்ணை நம்பலாம். 2006 என்பது அந்த முறையின் இலக்கம், ஆண்டு அல்ல.

சரி, 20 வாற்ஸ் போதுமா? எங்கள் சனம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, ரோர்ச் பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோவைப் பிடித்து, லண்டன் பி.பி.சி. தமிழோசையின் செய்தியைச் சுற்றியிருந்து கேட்டார்கள். சைக்கிள் டைனமோ கொடுப்பது சாதாரணமாக 3 வாற்ஸ். அதில் ஒரு பங்குதான் ஒலியாக வெளியே வரும். அதிலேயே ஒரு சொல் தவறாமல் கேட்டது. ஏன்? சுற்றிலும் அமைதி. ஸ்பீக்கர் கேட்பவரின் முகத்தைப் பார்த்தபடி. நடுவில் பேஸ் என்று எதுவும் இல்லை. என்னுடைய குசினிப் பெட்டியின் இரகசியமும் இதுதான்.

மனிதக் குரலில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. மெய்யெழுத்துகள், அதாவது 'கல்' என்பதையும் 'பல்' என்பதையும் பிரித்துக் காட்டுகிற ஒலிகள், பலம் குறைந்தவை. பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. ட்ரக்கின் எஞ்சினும் ரயரும் எழுப்பும் இரைச்சல் தாழ்ந்த சுருதி. பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். காதின் இயல்பே அப்படி. நான் செய்தது என்ன? ஏற்கெனவே இரைகிற வண்டிக்குள் இன்னும் ஒரு பேஸ் பெட்டியை வைத்தேன். வசன முடிவில் தாழ்ந்துபோன அம்மாவின் சொல் அதற்குள் தாண்டு போனது.

இதே கேள்வியை முறையாக ஆராய்ந்த ஒருவர் எங்கள் கனடாவில் இருந்தார். ஃபுளொய்ட் ரூல் என்பவர் 1965இல் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிப் பேரவையில் சேர்ந்து, 1991வரை அங்கே பணியாற்றினார். எந்த ஸ்பீக்கர் என்று பார்க்கமுடியாதபடி திரையால் மறைத்துவிட்டு, ஆட்களை இருத்திக் கேட்கவைத்தார். பேரும் விலையும் கண்ணுக்குத் தெரியாதபோது, பெரும்பாலானவர்களின் தெரிவு ஒன்றாகவே இருந்தது. எல்லாச் சுருதிகளையும் மேடு பள்ளம் இல்லாமல் சமமாகக் கொடுக்கும் ஸ்பீக்கர், நேரே மட்டும் அல்லாமல் பக்கவாட்டிலும் அப்படியே கொடுக்கும் ஸ்பீக்கர்: அதைத்தான் ஆட்கள் விரும்பினார்கள். 1986இல் இந்த முடிவுகளை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். விலை கூடியது என்பதற்காக ஒரு ஸ்பீக்கர் நல்லதாகிவிடாது என்பது அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்.

அந்த ஆய்வுகூடத்தைப் பயன்படுத்திய கனேடிய ஸ்பீக்கர் நிறுவனங்கள் பல. 1972இல் பி.எஸ்.பி. நிறுவனத்தைத் தொடங்கிய போல் பார்ட்டன் 1974இல் இருந்து அங்கே போய் அளந்து அளந்து தன் ஸ்பீக்கர்களைத் திருத்தினார். அளவான விலைக்குத் தெளிவான ஒலி என்று பேர் வாங்கினார். அந்தப் பி.எஸ்.பி. பின்னர் பிக்கறிங்கில் உள்ள லென்புறூக் குழுமத்தோடு சேர்ந்தது. விட்பியில் இருந்து 401இல் மேற்கே கொஞ்சத் தூரம்தான். எத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டி ஓடியிருப்பேன்! நான் தேடிய பதிலுக்குரிய ஆட்கள் என் வழியிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது வீட்டு ஸ்பீக்கர்கள்தான். ஆனால் காது ஒன்றுதானே.

எங்கள் தமிழ் வானொலிகளின் கதையும் இதில் ஒரு பகுதி. 90களில் ரொறன்ரோவின் தமிழ் வானொலிகள் பல, எஃப்.எம். நிலையங்களின் அலையோடு ஒட்டிவரும் துணை அலையில் ஒலிபரப்பின. சாதாரண ரேடியோவில் அது கேட்காது. அதற்கென்று தனி ரேடியோ வாங்கி வீட்டில் வைத்திருந்தோம். துணை அலையில் உயர்ந்த சுருதிகளுக்கு இடம் குறைவு, பேச்சுக்குத்தான் போதும். ஓடுகிற வண்டியில் கட்டிடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் அது இரைந்து குழம்பும். ஆகவே என் மனைவி வீட்டில் செய்திகளைக் கசற்றில் பதிந்து தருவா, நான் வழியில் போட்டுக் கேட்பேன். முழு அலைவரிசையில் தமிழ் வந்ததும், பிறகு கைத்தொலைபேசி வழியாக வந்ததும் இந்த நூற்றாண்டில்தான். இன்றைக்கு வண்டிக்கு வந்துசேரும் ஒலி மிகத் தெளிவானது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கடைசி மூன்று அடி: ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையில் உள்ள தூரம்.

இனி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் இரண்டாவது செற்றை 400 டொலருக்குள் முடித்தேன். அப்போது நான் பின்பற்றிய ஒழுங்கு இது.

காசில் பெரிய பங்கு முன் ஸ்பீக்கர்களுக்குப் போகவேண்டும். வாங்கும்போது எத்தனை வாற்ஸ் தாங்கும் என்று பார்ப்பதைவிட, 1 வாற்ஸ் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்று பாருங்கள். 89 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 92 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால், அம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஒரு சதமும் கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைக்கிற லாபம் இது.

அடுத்தது பூட்டும் இடம். ட்ரக்கின் கதவில் கீழே இருக்கும் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். உயர்ந்த சுருதி நேர்கோட்டில் போகும் ஒலி. ஆகவே ட்வீற்றர் என்ற சிறு ஸ்பீக்கர் தனியாக உள்ள சோடியை வாங்கி, அதைக் கண்ணாடித் தூணுக்கு அருகில், முகத்தைப் பார்க்கும்படி பூட்டுங்கள். பெரிய ஸ்பீக்கரைப் பூட்டும்போது கதவுத் தகட்டின் ஓட்டைகளை அடைத்து, உட்புறம் அதிர்வு தாங்கும் ஒட்டுத்தகடு ஒட்டுங்கள். பின்பக்க ஒலியும் முன்பக்க ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். இந்த வேலைக்குச் செலவு குறைவு, பலன் பெரிது. 1983ஆம் ஆண்டு மாடல் காடிலாக் போன்ற கார்களில் போஸ் நிறுவனம் தன் செற்றைப் பூட்டியபோது பெரிதாகப் பேசப்பட்டதும் இதுதான்: அந்தந்தக் காரின் உள்ளமைப்புக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்தினார்கள்.

மூன்றாவது செற். ஒலியைச் சுருதிவாரியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் கட்டாயம் இருக்கவேண்டும். பேச்சுக் கேட்கும்போது தாழ்ந்த சுருதியைக் கொஞ்சம் வெட்டிவிடலாம். புளூரூத் வசதியும் வேண்டும். 2009 ஒக்டோபர் 26இல் இருந்து ஒன்ராறியோவில் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடிப்பது குற்றம்.

இவ்வளவும் செய்தபின், நெடுஞ்சாலை வேகத்தில் ஒலி உடைகிறது என்றால் மட்டும் ஒரு சிறிய அம்ப்ளிஃபயர் வாங்குங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு 50 உண்மையான வாற்ஸ் தாராளம். பற்றறியில் இருந்து வரும் வயர் தடிப்பாக இருக்கட்டும். பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். இதை விட்டுவிட்டால் வண்டியே எரியக்கூடும். நிலத்தொடுப்பைப் பெயின்ற் சுரண்டிய வெறும் உலோகத்தில் முறுக்குங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, ஆனால் நிலத்தொடுப்புச் சரியில்லாவிட்டால் ஆல்டனேற்றரின் 'கீ' என்ற சத்தம் ஸ்பீக்கரில் வரும். கல்வின் காலத்துப் பிரச்சினையின் பேரப்பிள்ளை அது.

பேஸ் பெட்டி கடைசி. காசு மிஞ்சினால் சிறிதாக ஒன்று, தனியே நிறுத்தக்கூடிய சுவிச்சோடு.

ஊரில் இருக்கும் உறவினருக்கு யோசனை சொல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வட அமெரிக்காவில் பெரிய ட்ரக்குகளும் 12 வோல்ற் முறையில்தான் இருக்கின்றன. இலங்கை, இந்தியப் பெரிய லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ற். இங்கே வாங்கிய செற்றை அங்கே அப்படியே பூட்டினால் புகைதான் வரும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி போடவேண்டும்.

இன்னும் ஒன்று. 2016 ஜூலை 1இல் இருந்து ஒன்ராறியோவின் வேலைத்தள இரைச்சல் விதி, எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபெல் கூடினால் காது தாங்கும் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. நாங்கள் வண்டிக்குள் இருப்பது எட்டு மணிநேரத்துக்கும் கூட. தெளிவான செற் இருந்தால் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். சத்தமான செற், தெளிவு தேடி இன்னும் கூட்டவைக்கும். என் இடது காதில் உயர்ந்த சுருதி இப்போது சரியாகக் கேட்பதில்லை. அந்த முதல் செற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் கசற்றைச் சில வருடங்களுக்கு முன்னர் மகள் கணினியில் ஏற்றித் தந்தாள். ஓய்வு பெறுவதற்கு முதல்நாள், விட்பியில் 401இல் ஏறும் இடத்தில் அதைப் போட்டுக் கேட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் பாதியில்தான் இருந்தது. "ஐயாவுக்குச் சுகமில்லை" என்பது கடைசி எழுத்துவரை கேட்டது.

தம்பி, உம்முடைய செற்றைப் பூட்டிய பிறகு, பாட்டைப் போட்டுச் சோதிக்கவேண்டாம். 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது உம்முடைய அம்மாவிடம் கோல் எடுத்துப் பேசும். அவ சொல்வது கடைசிச் சொல்வரை விளங்கினால், நீர் கொடுத்த காசு சரி.